சிகரெட்டை விட்டும் சளி நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு 61 வயது. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொன்ன அன்றே சிகரெட்டை விட்டுவிட்டேன், எட்டு மாதம் ஆகிறது. இருமல் கொஞ்சம் குறைந்தாலும் காலையில் சளி வருவது நிற்கவில்லை. மூச்சுக்குழாயில் அழற்சி இன்னும் இருக்கிறது என்கிறார் டாக்டர். பிறகு எதற்காக விட்டேன்?

பதில்: கோபம் நியாயம்தான். 'விட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள், அது பாதி உண்மை. நோய் வராதவர் புகையை விட்டால் அழற்சி பெரும்பாலும் தணிந்துவிடும். சி.ஓ.பி.டி. வந்தவர்களுக்கோ, விட்டு ஒரு வருடம் கழித்துச் சளியைச் சோதித்தாலும் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் குறையாமல் இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

காரணம், அந்த அணுக்கள் வந்தால் சும்மா இருப்பதில்லை. அவை கக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி நுரையீரலின் மீள்திசுவை அறுக்கும், சளிச் சுரப்பிகளையும் தூண்டிவிடும். அறுபட்ட துணுக்குகளே மேலும் அணுக்களை வரவழைக்கும், தேங்கிய சளியில் பாக்டீரியா குடியேறினால் அதை எதிர்க்க இன்னொரு கூட்டம் வரும். ஆரம்பித்துவைத்தது புகைதான், ஆனால் இந்தச் சுழற்சி இப்போது புகை இல்லாமலேயே ஓடுகிறது.

சரி, அப்புறம் என்ன லாபம்? சளியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை காட்டும் எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986-இல் தொடங்கிய 'லங் ஹெல்த் ஸ்டடி' ஆய்வில், லேசான அல்லது நடுத்தர அடைப்பு இருந்த புகைப்பிடிப்பவர்களை 11 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஒரு வினாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு வருடத்துக்குச் சுமார் 66 மில்லி லிட்டர் குறைந்தது. விட்டுவிட்டு அப்படியே இருந்தவர்களுக்கு 30 மில்லி லிட்டர்தான், அதாவது வயதானால் யாருக்கும் குறைகிற அளவை ஒட்டி. போன மூச்சு திரும்பி வராது, மிச்சம் இருப்பது போகிற வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அழற்சி இருந்துகொண்டே இருந்தும் இது நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியமான விஷயம்.

இன்னொன்று, ஸ்டீராய்டு இன்ஹேலர் புகைப்பவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. உங்களுக்கு அது எழுதிக்கொடுத்திருந்தால், விட்ட பிறகு பலன் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. சளியின் நிறம் மாறினாலோ அளவு திடீரென்று கூடினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள், அது தொற்றாக இருக்கலாம்.

கேள்வி: என் கணவருக்கும் இதே நோய். மூச்சுக்குழாயை விரிக்கிற தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறார். 'ஒரு நாளைக்கு 20 சிகரெட்டை 5 ஆக்கிவிட்டேன், இது போதும்' என்கிறார். போதுமா?

பதில்: போதாது. எண்ணிக்கை குறைந்தால் உடம்பு ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து நிகோடினை ஈடுகட்டப் பார்க்கும், அதனால் புகை அதே விகிதத்தில் குறையாது. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ நிகோடின் சூயிங்கமோ வைத்து முழுசாக விடச் சொல்லுங்கள். நுரையீரலை அரிப்பது முக்கியமாக எரியும் புகைதான், பட்டையில் அது கிடையாது.

ஆனால் விடுகிற தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுத் தியோஃபிலினை வேகமாக வெளியேற்றவைக்கும். புகை நின்றதும் அந்த வேகமும் குறைந்து, அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்துவிடும், பட்டை ஒட்டியிருந்தாலும் இப்படித்தான். குமட்டல், படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் 'சிகரெட் இல்லாத ஏக்கம்' என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை டாக்டர்தான் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்ல வேண்டும்.