கீபோர்டு உள்ளே போகவில்லையா? லினக்ஸ் கேள்வி பதில்

லாஸ்பேட்டை வாசகர்: உபுண்டு லினக்ஸுக்குள்ளேயே, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வெர்ட் வைத்து விண்டோஸ் ஓட்டுகிறேன். ஈவிடெவ் முறையில் (லினக்ஸ் பெறும் விசைத் தட்டல்களை நேராக உள்ளே அனுப்புவது) கீபோர்டைக் கொடுத்தால் 'பெர்மிஷன் டினைடு', அதாவது அனுமதி இல்லை என்கிறது. கீபோர்டு, மவுஸைப் படிக்க அனுமதியுள்ள 'இன்புட்' குழுவில் நான் இருக்கிறேனே?

நீங்கள் இருந்து என்ன பயன்? அந்தச் சாதனத்தைத் திறப்பது, மெய்நிகர் கணினியை உண்மையில் ஓட்டும் கியூஇஎம்யூ. உபுண்டுவில் அதை லிப்வெர்ட் வேறொரு பயனர் பெயரில்தான் ஓட்டும். அது தாண்ட வேண்டிய தடை மூன்று: கோப்பு அனுமதி, சிகுரூப்பின் (நிரல் எந்தச் சாதனங்களைத் தொடலாம் என்று வரையறுப்பது) சாதனப் பட்டியல், அப்புறம் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவல். பழைய குறிப்பைப் பார்த்து கியூஇஎம்யூ கட்டளையை நேராகச் செருகியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் லிப்வெர்ட்டுக்கு விஷயமே தெரியாது, எதையும் திறந்துவிடாது. லிப்வெர்ட் 7.4 பதிப்பிலிருந்து, மெய்நிகர் கணினியின் அமைப்புகள் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் 'இன்புட்' வகை 'ஈவிடெவ்' என்றே எழுதலாம். மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சாதனத்தை 'பை-ஐடி' பெயரால் (சாதனத்தின் அடையாளத்தை வைத்து அமையும் பெயர்) குறியுங்கள். 'ஈவென்ட்' எண் ரீபூட்டில் மாறலாம்.

முக்கியமாக, அந்தக் குழுவிலிருந்து வெளியே வாருங்கள். அதில் இருந்தால் உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் படிக்கலாம்.

வில்லியனூர்: கீபோர்டு சாதனத்துக்கு சிஎச்மாட் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டேன், ரீபூட்டில் போய்விட்டது.

நல்லவேளை!

நெல்லிக்குப்பம்: மெய்நிகர் கணினிக்கான இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் தெரியவில்லை.

'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் சேர்ந்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது.

முத்தியால்பேட்டை: சித்தப்பா பிரான்ஸிலிருந்து கொண்டு வந்த கீபோர்டு. விண்டோஸுக்குள் 'ஏ' தட்டினால் 'க்யூ' விழுகிறது. இதுவும் அனுமதிச் சிக்கலா?

இல்லை. ஈவிடெவ் அனுப்புவது விசையின் எண்ணை, எழுத்தை அல்ல. பிரெஞ்சு கீபோர்டில் 'ஏ' இருக்கும் இடத்தில் அமெரிக்க அமைப்பில் 'க்யூ'. விண்டோஸில் பிரெஞ்சு அமைப்பைப் போடுங்கள்.

மஞ்சக்குப்பம்: அதனால்தான் என் தமிழ்99 விசை அமைப்பும் உள்ளே வரவில்லையா? பேசாமல் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கும் ஃபொனெட்டிக்குக்கே போய்விடலாம்.

ஃபொனெட்டிக் மட்டும் தானாக வந்துவிடுமா? அதையும் விண்டோஸில் தனியாகத்தான் போட வேண்டும். இந்தச் சாக்கில் தமிழ்99-ஐக் கைவிடாதீர்கள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில்; இரண்டும் மாறி மாறி ஓடும் சுகமே தனி. ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழ் தட்டுவது எனக்கு ஒத்துவராது.

கடலூர் முதுநகர்: டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் சார்!

சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. பழைய தட்டச்சு அமைப்பும் லினக்ஸில் இருக்கிறது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபொனெட்டிக் ஆட்களோடுதான் என் சண்டை.

பாகூர்: பெர்மிஷன் டினைடு வருகிறது, இன்புட் குழுவில் சேரட்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள். சேராதீர்கள்.

அரியாங்குப்பம்: கீபோர்டு விண்டோஸுக்குள் போய்விட்டது, வெளியே வரவில்லை.

இடது, வலது கண்ட்ரோல் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மவுஸும் கூடவே வர வேண்டுமென்றால் கீபோர்டு வரியில் 'கிராப்' மதிப்பை 'ஆல்' ஆக்குங்கள்.