ஆண்டு மழை 860 மி.மீ.: மானாவாரிக்குப் போதுமா?

கேள்வி: எங்கள் பகுதியின் சராசரி ஆண்டு மழை 860 மி.மீ., சராசரி வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ். மாதவாரிப் பட்டியலையும் அனுப்பியுள்ளேன். இது வறண்ட பகுதியா, மழைவளமுள்ள பகுதியா? மானாவாரியில் எப்போது விதைக்கலாம்?

பதில்: ஆண்டுக் கணக்கைச் சற்று ஒதுக்கி வையுங்கள். நீங்கள் மாதவாரிப் பட்டியலை அனுப்பியது மிகவும் நல்லது. விடை அதில்தான் இருக்கிறது. அக்டோபரில் 190, நவம்பரில் 180 என்று இரண்டே மாதங்களில் 370 மி.மீ. கொட்டுகிறது. பிப்ரவரியில் வெறும் 10. இதே 860 மி.மீ. ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் ஊரின் பயிர்முறை உங்களுக்குப் பொருந்தாது.

மழையை வெயிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மாதச் சராசரி வெப்பநிலையை இரண்டால் பெருக்குங்கள். மழை மில்லிமீட்டரில் அதைவிடக் குறைந்தால் அது வறண்ட மாதம். ஏப்ரலில் 31 டிகிரி, இருமடங்கு 62, மழையோ 40தான். ஆகஸ்டில் 29.5 டிகிரி, இருமடங்கு 59, மழை 80. இப்படிப் பார்த்தால் ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதமும் வறட்சி, ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஈரம். மே மாதம் 64-க்கு 60 என்று நெருங்கி வருகிறது. அதை நம்பி விதைத்துவிடாதீர்கள், ஜூனில் 35தான். அந்த மழை கோடை உழவுக்கு உதவும், அவ்வளவே.

மிகக் குளிர்ந்த மாதத்திலும் 24.5 டிகிரி இருக்கிறது. 18-க்குக் கீழே இறங்காததால், வெப்பத்தையும் மழையையும் கொண்டு காலநிலைகளைப் பிரிக்கும் கோப்பென் வகைப்பாட்டில் இது வெப்பமண்டலம். நீண்ட வறண்ட பருவமும் ஆண்டின் பிற்பகுதியில் மழையும் கொண்ட வெப்பமண்டலம் என்று சொல்லலாம். மே மாதச் சராசரியான 32-க்கும் அந்த 24.5-க்கும் இடைவெளி 7.5 டிகிரிதான் என்பதால், உங்கள் பயிர்க்காலத்தை முடிவு செய்வது குளிரல்ல, மழை. ஆனால் சராசரி 32 என்றால் பகலில் 38-ஐத் தொடலாம். பூக்கும் நேரத்தில் 35-ஐத் தாண்டினால் நெல் பதராகும்; ஆகவே உச்ச வெப்பநிலையையும் தனியே கேட்டு வாங்குங்கள்.

விதைப்புக்கு 30 ஆண்டுகளின் ஆகஸ்ட் மழையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, 23-வது எண்ணைப் பாருங்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று ஆண்டுகளில் அந்த அளவாவது பெய்திருக்கும். அது ஆகஸ்டின் இருமடங்குக் கணக்கான 59-க்குக் கீழே இருந்தால் ஆகஸ்டை நம்ப வேண்டாம். செப்டம்பரில் மண் நன்கு நனைந்தபின், 90 முதல் 100 நாளில் அறுவடைக்கு வரும் ரகத்தை விதையுங்கள்.