293318625600 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு இருக்கிறது?

வாய்விட்டுப் படித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. குடியாத்தத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பகாக் காரணிகள் பாடம் வந்தால் நான் ஆசையோடு கரும்பலகையில் எழுதும் எண் இது.

கால்குலேட்டர் வேண்டாம். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 293, 318, 625, 600. இப்போது 600-இல் 625-ஐக் கழித்து, 318-ஐக் கூட்டி, 293-ஐக் கழியுங்கள். விடை பூஜ்ஜியம். ஆகவே இந்த எண் 1001-ஆல் மீதியின்றி வகுபடும். 1001 என்பதோ 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் வருவது. வகுக்காமலேயே மூன்று பகா எண்கள் கைக்கு வந்துவிட்டன! வகுப்பில் இந்த இடத்தில் பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். இலக்கங்களின் கூடுதல் 45, எனவே 9-ஆல் வகுபடும். மிச்சத்தையும் பிரித்து முடித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 தலா ஒரு முறை. 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் வகுபடும், 23-ஆல் வகுபடாது.

காரணிகளை எண்ணுவது எளிது. 2-ஐ எடுக்காமலே விடலாம், ஆறு வரையும் எடுக்கலாம்; ஆக ஏழு வழி. அதேபோல் 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. பெருக்கினால் 5,040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. நீங்கள் கேட்ட சிறப்பு இதுதான்.

எண் பெரிதானால் காரணிகளும் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர்த் தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்கில் ஒரு குரோஸ் 144 பெட்டி. அந்த 144-க்கு 15 காரணிகள், 150-க்கு 12தான். ஆனாலும் 144-க்கு இந்தப் பெருமை இல்லை, ஏனென்றால் அதைவிடச் சிறிய 120-க்கே 16 இருக்கின்றன. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்துகிறவை அரிது. அவற்றை உயர் பகு எண்கள் என்பார்கள். (5,040-உம் அப்படிப்பட்ட எண்தான், அதற்கு 60 காரணிகள்.)

1915-இல் ராமானுஜன் வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரை இவற்றைப் பற்றியது. அதில் 102 உயர் பகு எண்களை வரிசையாகத் தந்தார். வரிசையின் நடுவே அவர் பார்வைக்குத் தப்பிய எண்தான் 293318625600. எனக்கு இதில் வியப்பு, இது ஒன்று விடுபட்டதில் இல்லை. கையால் கணக்கிட்டு மற்ற 102-ஐயும் பிடித்தாரே, அதில்தான்.

இந்த எண்ணை வகுக்காத அந்த 23-ஐக் கொண்டு இதைப் பெருக்கிப் பாருங்கள்: 6746328388800. காரணிகள் இரட்டித்து 10,080 ஆகும். ராமானுஜனின் பட்டியலில் கடைசியாக நிற்கும் எண் அதுதான்.