படம் பிடிக்கலாம் வாங்க: கை ஆடுதா, ஆள் ஆடுதா?

கேள்வி: கொலுவுக்கு வந்தவர்களைப் புதுக் கேமராவில் படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி மங்கல். எனக்கு வயது 61. கை நடுங்குகிறது என்கிறான் மகன். கேமராவை அவனிடமே கொடுத்துவிடட்டுமா? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். (மேற்கு மாம்பலம் வாசகி)

கொடுக்காதீங்க அம்மா. மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றும் மங்கல்தான், ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுக்குத்தான் உங்கள் கை பொறுப்பு.

படி ஓரமாகச் சீரியல் பல்பு சுற்றியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் சாட்சி. முதல் படத்தில் எந்தப் பல்பும் புள்ளியாக இல்லை. ஒவ்வொன்றும் மேலிருந்து கீழே ஒரு சின்னக் கோடாக இழுபட்டிருக்கிறது. தசாவதார செட்டின் ஓரங்கள், கலசத்தின் விளிம்பு, பின்சுவர்க் கடிகாரம் எல்லாமே அதே பக்கம்தான் இழுத்திருக்கின்றன. படம் முழுக்க ஒரே திசையில் இழுத்தால் ஆடியது கேமரா. அதுவும் மேல் கீழாக என்றால், பட்டனை 'டக்'கென்று குத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இது வயசுக் கோளாறு இல்லை. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற இருபது வயதுப் பையன்களும் இப்படித்தான் குத்துகிறார்கள்.

இரண்டாவது படத்தில் பல்பெல்லாம் சுத்தமான புள்ளி. பொம்மைகளும் பளிச். பட்டுப்பாவாடைக் குழந்தைக்கு மட்டும் இரண்டு மூக்கு. இங்கே உங்கள் கை அசையவே இல்லை, சுண்டல் கிண்ணத்தைப் பார்த்த குழந்தைதான் அசைந்திருக்கிறது. படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன், ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, திறந்திருந்தது 1/15 விநாடி. அந்த நேரத்துக்குள் ஒரு குழந்தை தாராளமாகத் தலையைத் திருப்பிவிடும். ஓடியாடும் பிள்ளைகளுக்கு 1/250 ஆவது வேண்டும்.

மூன்றாவதில் முன்வரிசை மரப்பாச்சியின் கண் மை வரைக்கும் தெளிவு, பின்னால் நிற்கிற பெண்கள் எல்லோரும் மங்கல். இது ஆட்டமே இல்லை, ஃபோகஸ். எங்கே பார்ப்பது என்று நாம் சொல்லாவிட்டால், பல சமயம் பக்கத்தில் இருப்பதைக் கேமரா பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் புள்ளியை ஒன்றே ஒன்றாக வைத்து, அதை முகத்தின் மேல் கொண்டுபோய் வையுங்கள். எந்த மங்கல் படத்தையும் அழிப்பதற்கு முன்னால் இப்படி ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுங்கள். காரணம் தெரியாமல் கையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

சரி, இப்போது முதல் படத்துக்கான வைத்தியம். பின்பக்கத் திரையைப் பார்த்தபடி, தாம்பூலத் தட்டை நீட்டுவது போல இரண்டு கையையும் முன்னால் நீட்டி எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீட்டிய கை எவருக்கும் நிற்காது. இடது உள்ளங்கையை மேல்பார்க்கத் திருப்பி லென்ஸுக்கு அடியில் கொடுங்கள், கேமராவின் கனம் அதில் உட்காரட்டும். வலது கைக்குப் பிடிப்பதும் அழுத்துவதும் மட்டுமே வேலை. இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். வியூஃபைண்டரில், அதாவது கேமராவின் பின்னால் இருக்கிற சின்ன ஜன்னலில், கண்ணை வைத்துப் பாருங்கள், புருவத்தில் கேமரா முட்டுவதே மூன்றாவது பிடிமானம். ஒரு கால் கொஞ்சம் முன்னே. நிலைப்படி பக்கத்தில் இருந்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள், நம்மூர் வீடுகளில் நிலைப்படிக்கா பஞ்சம்?

அப்புறம் விரல். பட்டனைப் பாதி அழுத்தி நிறுத்துங்கள். அங்கிருந்து மீதியை விரலின் சதையால் மெல்ல உருட்டி இறக்குங்கள். சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிடாதீர்கள், ஒரு கணம் அப்படியே இருக்கட்டும். தொடர்ச்சியாக மூன்று நான்கு படம் எடுக்கும் வசதியை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அழுத்தும் அதிர்ச்சி முதல் படத்திலும் விடும் அதிர்ச்சி கடைசிப் படத்திலும் போய்விடும், நடுவில் ஒன்று பெரும்பாலும் தேறும்.

ஷட்டர் வேகத்தைக் கூட்ட வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 1600, 3200 என்று ஏற்றப் பயப்படவே பயப்படாதீர்கள். கொஞ்சம் பொரிப்பொரியாக வரும், வரட்டுமே. பொரியோடு வந்த முகத்தை ஆல்பத்தில் வைக்கலாம், இரண்டு மூக்கை வைக்க முடியாது. கை நிஜமாகவே நடுங்குகிறது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேஜையில் ஊன்றுங்கள். பொம்மைகளை மட்டும் எடுக்கும்போது கேமராவை ஸ்டூலில் வைத்து 2 விநாடி டைமரைப் போட்டுவிட்டால் கையே வேண்டாம்.

கேள்வி: மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தால் ஆடாதா? (அயனாவரம் வாசகர்)

நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடக்கினால் இன்னும்தான் ஆடும். சாதாரணமாக மூச்சு விடுங்கள். விட்டு முடித்து, அடுத்த மூச்சுக்கு முன்னால் உடம்பு தானாக ஓய்கிற இடம் ஒன்று வரும். அங்கே அழுத்துங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 55-250 ஜூம் லென்ஸ் வாங்கினேன். பள்ளிக்கரணையில் பறவை எடுத்தால் எதுவும் தெளிவாக இல்லை. 250 எம்.எம். லென்ஸுக்கு 1/250 போதும் என்றுதானே சொல்கிறார்கள்? (பெரம்பூர் கல்லூரி மாணவர்)

தம்பி, அந்தக் கணக்கு 35 எம்.எம். ஃபிலிம் காலத்தது. லென்ஸின் எம்.எம். எவ்வளவோ, அதை 1-க்குக் கீழே போட்டு வருகிற வேகத்துக்குக் குறையாமல் எடு என்பார்கள். ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தை வாங்கிக்கொள்வது சென்சார். உன் கேமராவின் சென்சார் அந்த ஃபிலிமைவிடச் சின்னது. அதனால் எம்.எம்.மை 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 250 என்பது 400 ஆகிறது. ஆக, 1/400 என்பதுதான் உனக்குக் கீழ்வரம்பு. திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு இறகாக எண்ணுகிற ஆள் என்றால் அதையும் இரட்டிப்பாக்கி 1/800 வை.

இது உன் கை ஆட்டத்துக்கு மட்டுமான கணக்கு. பறவையின் கணக்கு தனி. ஒற்றைக் காலில் நிற்கிற சாம்பல் நாரைக்கு 1/400 போதும். அது கிளம்பிவிட்டால் 1/1600, 1/2000 என்று போக வேண்டியதுதான். பூநாரைக் கூட்டம் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்கிறபோது கழுத்து ஓயாமல் அசையும், அதற்கும் கொஞ்சம் வேகம் கூட்டிக்கொள்.

நீ படத்தோடு அனுப்பிய விவரத்தில் நேரம் காலை 11:40 என்று இருக்கிறது. அதுதான் பெரிய வில்லன். வெயில் ஏறியபின் சதுப்பு நிலத்தின் மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து நெளிய ஆரம்பிக்கும். தூரத்துப் பறவையை அந்த நெளியும் காற்றின் வழியாகத்தான் லென்ஸ் பார்க்கிறது. ஷட்டரை 1/4000 வைத்தாலும் நாரையின் ஓரம் கரைந்துதான் வரும். ஃபோகஸ் சரியில்லை என்று லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விடிந்த கையோடு போ. பறவை பக்கத்தில் இருந்தால் மட்டும் எடு.

இன்னொன்று, ரேடியல் ரோட்டின் ஓரமாக நின்றுதான் எடுத்திருப்பாய். பக்கத்தில் இருக்கிற கம்பியில் லென்ஸை வைத்துவிட்டால் ஆட்டம் போய்விடும் என்று தோன்றும். தண்ணீர் லாரி ஒன்று போகும்போது அந்தக் கம்பியில் கை வைத்துப் பார், தெரியும். வைப்பதானால் நடுவில் ஒரு துண்டை மடித்துப் போடு, லாரி போனபிறகு அழுத்து. மண்டியிட்டு எடுக்கும்போது முழங்கை எலும்பை முழங்கால் எலும்பின் மேல் வைக்காதே, எலும்பும் எலும்பும் வழுக்கும். முழங்கைக்குச் சற்று மேலே இருக்கிற சதையை முழங்காலில் பதி.

கேள்வி: டிசம்பர் சீசனில் சபாவில் ஃபிளாஷ் கூடாது, ட்ரைபாட் கூடாது. எப்படித்தான் எடுப்பது? (மயிலாப்பூர் ரசிகர்)

கூடாது என்பதே நியாயம்தான் சார். நான் பத்திரிகைக்காகக் கச்சேரி எடுக்கத் தொடங்கியபோது ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமை 1600 என்று பொய் சொல்லிக் கேமராவில் போடுவோம், கழுவும்போது கூடுதல் நேரம் கொடுத்துச் சரிக்கட்டுவோம். அப்போதும் 1/60 கிடைத்தால் பெரிய விஷயம். அதனால் வேகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, மேடையில் எப்போது எது நிற்கிறது என்று பார்க்கப் பழகினோம்.

வயலின்காரரின் வில்லைக் கவனியுங்கள். ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்புகிற அந்த முனையில் கை ஒரு கணம் நின்றுதான் திரும்பும். பாடகர் ஆலாபனையில் கையை உயர்த்துகிறார் என்றால், உச்சியில் ஒரு நிறுத்தம் உண்டு. பழக்கமான ராகம் என்றால் சங்கதி எங்கே முடியும் என்று உங்களுக்கே தெரியும், விரல் தயாராக இருக்கட்டும். அந்த இடத்தில் 1/60 கூடத் தாங்கும். மிருதங்கக்காரரின் விரல்களை மட்டும் விட்டுவிடுங்கள். முகம் தெளிவாக இருந்து விரல் கலங்கியிருந்தால் அதுதான் தனி ஆவர்த்தனம். விரலையும் உறைய வைத்த படத்தில் அவர் சும்மா கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ட்ரைபாடுக்குப் பதில் ஒரு கயிறு போதும். கேமராவின் அடியில் இருக்கிற ஓட்டை கால் அங்குலத் திருகு. பாரிமுனைப் பக்கம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கால் இஞ்ச் போல்ட் கேளுங்கள். குட்டையாக இருக்கட்டும், கையால் திருகும்போதே இறங்க வேண்டும், முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு நைலான் கயிறைக் கட்டி, மறுமுனையைச் செருப்பால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால், மேல் கீழ் ஆட்டம் பெரிதும் அடங்கிவிடும். உட்கார்ந்த இடத்திலும் செய்யலாம். வேலை முடிந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசேஷன் வசதி உள்ள லென்ஸுக்குக் கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள். தேவையா? ட்ரைபாடில் வைக்கும்போது அதை அணைத்துவிட வேண்டுமா? (அண்ணா நகர் வாசகர்)

கோயில் மண்டபம், கோபுரம், ராத்திரித் தெரு இவைதான் உங்கள் ருசி என்றால் கட்டாயம் வாங்குங்கள். கழற்றி மாட்டுகிற கேமரா லென்ஸுக்குள் இந்த வசதியை முதலில் கொண்டுவந்தது கேனான், 1995-இல், 75-300 லென்ஸில். உள்ளே ஒரு சின்னக் கருவி ஆட்டத்தை அளக்க, ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரண்டு மடங்கு. நாலு ஸ்டாப் என்று பெட்டியில் போட்டிருந்தால், 1/250 தேவைப்படுகிற இடத்தில் 1/15 வரை இறங்கிப் பார்க்கலாம் என்று பொருள்.

ஓடுகிற பேரனை அது நிறுத்தாது. குழந்தைகளைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுகிற எஃப் 1.8 லென்ஸில் போடுங்கள். ட்ரைபாடில் வைக்கும்போது பழைய லென்ஸ்களில் இந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது, இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆட ஆரம்பிக்கும். புதியவை பல தானே கண்டுகொள்கின்றன.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான். ராத்திரியில் ரிப்பன் மாளிகையை எடுத்தால் பஞ்சு மாதிரி வருகிறது. (வண்ணாரப்பேட்டை வாசகி)

முதலில் லென்ஸைப் பழைய பருத்திப் புடவைத் துணியில் துடையுங்கள். பாதி மங்கல் விரல் எண்ணெய்தான். இன்னொரு கால்வாசி நம் ஊர்ப் புழுக்கம். ஏ.சி. மெட்ரோவிலிருந்து வெளியே வந்த உடனே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கும். துடைத்தாலும் திரும்பப் படியும். ஒரு டீ குடித்துவிட்டு எடுங்கள்.

நைட் மோடில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. திரையில் 3 விநாடி என்று காட்டினால் அந்த 3 விநாடியும் பிடித்திருக்க வேண்டும். பலரும் தொட்டவுடன் கையை இறக்கிவிடுகிறார்கள். போனை நடைபாதைக் கம்பியிலோ சுவரிலோ ஒட்டி வைத்து, டைமர் போட்டு எடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி கல்யாண ரிசப்ஷனில் ஷட்டரை 1/500 வைத்தேன். ஆட்டம் போய்விட்டது, ஆனால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள்! (தாம்பரம் வாசகர்)

கை மேல் குற்றமில்லை, மின்சாரத்தின் மேல். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரிகிற டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. 1/500-இல் ஷட்டரின் திறப்பு சென்சாரின் ஒரு பகுதியைப் பிரகாசத்திலும் இன்னொரு பகுதியை மங்கலிலும் கடந்துபோகிறது, அதுதான் பட்டை.

1/100-க்கு வந்துவிடுங்கள். ஒரு முழுச் சுற்று வெளிச்சமும் படத்தில் சேர்ந்துவிடும். மேடையில் மொய்க் கவரோடு சிரித்து நிற்கிறவர்களுக்கு அது போதும், 50 எம்.எம். லென்ஸில் கை ஆட்டத்துக்கும் போதும். மெனுவில் ஆன்ட்டி ஃப்ளிக்கர் என்ற மினுக்கல் தடுப்பு வசதி இருந்தால் போட்டுவையுங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்துக்குள் அணைத்துவிடுங்கள், பட்டை அதில்தான் மோசம். மணமக்களுக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வைத்திருந்தால் மட்டும் இந்த 1/100 கணக்கு செல்லாது. அந்தத் திரைகள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தில் மினுக்கும். கூட்டம் சேருவதற்கு முன்பே போய், காலி மேடையை 1/60, 1/80, 1/125 என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்து, பட்டை விழாத வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.