ஒரே தேதி, இரண்டு நாட்காட்டிகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மேலூருக்கு அருகில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இசை வரலாற்றில் ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்து, வகுப்பறைச் சுவரில் மாட்டுவதற்காக மாணவர்களோடு சேர்ந்து ஒரு பட்டியல் தயாரித்து வருகிறேன். கண்ணதாசனும் எம்.எஸ். விஸ்வநாதனும் ஜூன் 24ஆம் தேதி பிறந்தவர்கள். தியாகராஜர் மறைந்த ஜனவரி 6ஆம் தேதியில்தான் கர்நாடக இசைப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியமும் ஏ.ஆர். ரஹ்மானும் பிறந்தார்கள். கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதருக்கும் நம் மதுரை டி.எம். சௌந்தரராஜனுக்கும் பிறந்தநாள் மார்ச் 24. "இதெல்லாம் தற்செயல்தானா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சக ஆசிரியர் ஒருவரோ, இது வெறும் பொழுதுபோக்கு, பாடத்துக்கு உதவாது என்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மேலூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

தற்செயல்தான் என்று அந்த மாணவியிடம் தயங்காமல் சொல்லலாம். 23 பேர் கூடியிருக்கும் அறையில் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்பது கணிதம் நிறுவிய செய்தி. உங்கள் வகுப்பின் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால் அங்கேயே அப்படி ஓர் இணை கிடைக்கக்கூடும். பல நூறு இசைவாணர்களின் பெயர்களை 365 நாட்களில் பரப்பினால் இணைகள் அமையாமல் இருப்பதுதான் வியப்பு. ஆனாலும் உங்கள் சக ஆசிரியரின் முடிவை நான் ஏற்கவில்லை. தேதியைப் பின்தொடர்ந்து போகும் பிள்ளைகள் வழியில் எதையெல்லாம் காண்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது பாடமா இல்லையா என்று சொல்ல முடியும்.

முதலில் ஜனவரி 6. தியாகராஜர் மறைந்தது 1847ஆம் ஆண்டு அந்தத் தேதியில் என்பது சரியே. ஆனால் திருவையாற்றில் அவருடைய நினைவுநாளான ஆராதனையை நடத்துகிறவர்கள் அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியையே பார்க்கிறார்கள். அதனால் பஞ்சரத்ன கிருதிகள் எனப்படும் அவருடைய ஐந்து பாடல்கள் 2024இல் ஜனவரி 30 அன்றும் 2025இல் ஜனவரி 18 அன்றும் பாடப்பட்டன. 1910இல் பிறந்த ஜி.என்.பி.யையும் 1967இல் பிறந்த ரஹ்மானையும் தியாகராஜருக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துவது ஆங்கில நாட்காட்டி. திதியின்படி நினைவுகூரும் மரபில் இந்த ஒற்றுமை கண்ணிலேயே படாது. ஆகவே உங்கள் பட்டியலில் தேதிக்குப் பக்கத்தில் திதிக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு பத்தி விடுங்கள் என்பது என் முதல் யோசனை.

அப்படி விட்டால் தீட்சிதரிடம் ஒரு சிக்கல் எழும். உங்கள் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். அவர் பிறந்ததாக மரபு சொல்வது மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம். பல நூல்கள் இதை 1775 மார்ச் 24 என்று எழுதிவிடுகின்றன. பஞ்சாங்கத்தைக் கொண்டு சரிபாருங்கள்: தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அண்மையில் வந்த மன்மத ஆண்டு 2015 சித்திரையில் தொடங்கியது, அறுபது அறுபதாக நான்கு முறை பின்னால் போனால் 1775 சித்திரைக்கு வருகிறோம். அந்த ஆண்டின் பங்குனி அதன் கடைசி மாதம் என்பதால், அது விழுவது 1776 மார்ச்சில்! வேறு சிலர் 1776 என்று எழுதுவதன் காரணம் இதுவே. கழித்தல் தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்க முடியும். அச்சில் வந்த ஒரு தேதியைத் தன் கையால் சோதித்துப் பார்த்த பிள்ளைக்குத் தீட்சிதர் என்ற பெயர் அதன்பிறகு மறக்காது என்று நம்புகிறேன்.

அவருடைய மறைவையும் பட்டியலில் சேருங்கள். 1835 அக்டோபர் 21, தீபாவளி நாள், இடம் எட்டயபுரம். சீடர்கள் "மீனாக்ஷி மே முதம் தேஹி" என்ற கிருதியைப் பாடிக்கொண்டிருக்க, "மீனலோசனி பாசமோசனி" என்ற அடியை மீண்டும் பாடச்சொல்லிக் கேட்டபடியே அவர் உயிர் துறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தக் கிருதி நம் மதுரை மீனாட்சியின் மேல் பாடியது. மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மார்ச் 24ஐக் காட்டிலும் இந்தத் தீபாவளி நெருக்கமானது.

ஜூன் 24 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணதாசன் 1927இல் காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டியிலும் விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலும் பிறந்தார்கள். விஸ்வநாதன் தத்தகாரத்தில், அதாவது பொருளில்லாத அசைகளில், மெட்டைச் சொல்ல, கண்ணதாசன் அந்தச் சந்தத்துக்குள் சொற்களை வைத்தார் என்பதை ஒரு பாட்டைப் பாடிக் காட்டி விளக்கிவிட்டால் போதும்.

அதே ஜூனில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்று உண்டு. அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜாவின் பிறந்தநாள் ஜூன் 3. ஆனால் அது கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாளும் என்பதால், அந்த நாள் அவருக்கே உரியதாக இருக்கட்டும் என்று தம் பிறந்தநாளை ஜூன் 2க்கு மாற்றிக்கொண்டார். மற்ற ஒற்றுமைகள் தாமாக விழுந்தவை. இங்கே மட்டும் ஒரு மனிதர் மரியாதை கருதி ஒற்றுமையிலிருந்து விலகி நின்றிருக்கிறார். உங்கள் மாணவியின் கேள்விக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

கடைசியாக, எனக்கு மிக வேண்டிய ஒரு தேதி. டிசம்பர் 11. அது 1882இல் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த நாள், 2004இல் எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்த நாள். பாரதியின் பாடல்களை மேடைகளில் பாடியவரின் மறைவு அந்தக் கவிஞரின் பிறந்தநாளிலேயே நேர்ந்தது என்று அந்த ஆண்டு செய்தி கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. தற்செயல் என்று அறிந்தும் கலங்கியது. இதற்குள் இன்னும் இரண்டு இழைகள் ஓடுகின்றன. 1904ஆம் ஆண்டு பாரதி மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டில், அவர் பிறந்த எட்டயபுரத்தில், தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதரின் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" அச்சேறியது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் சுரக்குறிப்போடு நமக்குக் கிடைப்பதற்கு அந்த நூல் பெருங்காரணம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1916 செப்டம்பர் 16 அன்று, வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக எம்.எஸ். மதுரையில் பிறந்தார்.

டிசம்பர் 11 அன்று முடிந்தால் பிள்ளைகளை மேலூரிலிருந்து பேருந்தில் மதுரைக்கு அழைத்து வாருங்கள். சேதுபதி பள்ளியின் வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டு, அங்கிருந்து அனுமந்தராயன் கோயில் தெருவுக்கு நடந்தே போகலாம். எம்.எஸ். வளர்ந்த வீட்டின் முகப்பில் ஒரு வீணை இருக்கும். முன்கூட்டியே எழுதினால் நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
மதுரை