லாரி வேண்டாம், பணத்தை அக்டோபர் வரை பத்திரமாக வையுங்கள்

கேள்வி: நாங்கள் கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்களில் சிலர் முன்பு இமாச்சலப் பிரதேசத்தில் ஜஞ்சேலி பக்கம் மலையேற்றம் போயிருக்கிறோம். 2025 ஜூன் 30 இரவு மண்டி மாவட்டத்தில் மேகவெடிப்பு மழை கொட்டி, துனாக், பக்ஸ்யாட், ஜஞ்சேலி என்று நாங்கள் நடந்த ஊர்களையெல்லாம் வெள்ளம் அடித்துப் போட்டதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இதுவரை 3.5 லட்சம் ரூபாய் சேர்ந்து சங்கச் செயலாளரின் கணக்கில் இருக்கிறது. துணி, அரிசி, பருப்பு ஒரு அறை நிறைய இருக்கிறது. லாரி பிடித்து அனுப்பலாமா? அல்லது வீடிழந்த ஓரிரு குடும்பங்களுக்கு நிலம் வாங்கி வீடு கட்டித் தரலாமா? அமெரிக்காவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். எப்படிச் செய்வது சரி?

பதில்: லாரி வேண்டாம். கோவையிலிருந்து மண்டிக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வாடகையே லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு செலவழித்து அனுப்பினாலும் வண்டி மண்டி ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேலே சாலை எங்கெங்கே அறுந்திருக்கிறதோ, அங்கெல்லாம் இறக்கி ஏற்றித்தான் சரக்கைக் கொண்டுபோக வேண்டும். கிடைக்கிற கொஞ்சம் ஜீப்புகளும் கோவேறு கழுதைகளும் மருந்துக்கும் மாவுக்கும் வேண்டும். உங்கள் புழுங்கலரிசி மூட்டை அந்த வரிசையில் இடம் பிடிக்கக் கூடாது. அங்கே புழுங்கலரிசிச் சோறு பழக்கமில்லை. பச்சரிசி, கோதுமை மாவு, ராஜ்மா, கடுகெண்ணெய்தான் அவர்கள் சமையல். இதெல்லாம் மண்டி, சுந்தர்நகர் கடைகளிலேயே கிடைக்கும். அங்கே வாங்கினால் அந்த ஊர்க் கடைக்காரருக்கும் நாலு காசு போகும்.

துணி விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் குவிந்து கிடந்த பழைய துணிகளைப் பார்த்தவர்கள் உங்கள் குடியிருப்பிலேயே இருப்பார்கள். நூல் புடவையும் அரைக்கைச் சட்டையும் 2,000 மீட்டர் உயரத்தில் ஒருவருக்கும் உதவாது. கம்பளித் துணி லூதியானாவில் நெய்கிறார்கள், போர்வைக்குப் பானிப்பட். இரண்டுமே மண்டிக்கு உங்களைவிடப் பல மடங்கு பக்கம். சேர்ந்த துணியில் நல்லதை மட்டும் துவைத்துப் பிரித்து, கூஞ்ச் போல துணியைத் தரம் பிரித்துக் கையாளும் அமைப்பு ஒன்றிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கொடுங்கள். அரிசி பருப்பை கோவையிலேயே ஏதாவது முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்தவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதத்துக்கு இதே பேச்சாக இருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் மலை வெள்ளம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சமவெளியில் வெள்ளம் வந்தால் தண்ணீர் நாலு நாள் நிற்கும், வடியும், வீட்டைக் கழுவிக்கொண்டு திரும்பப் போகலாம். மலையில் தண்ணீர் நிற்பதே இல்லை. சாதாரண நாளில் தாண்டிக் குதிக்கக்கூடிய ஓடை, பாறையையும் தேவதாரு மரங்களையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் இறங்கி ஓடிவிடும். போகும்போது வீட்டோடு வீடு நின்ற மண்ணையும் கொண்டுபோகிறது. திரும்பப் போக இடமே இருக்காது. துனாக் கடைவீதியில் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளையே சேற்றில் மூழ்கியது என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதனால்தான் நிலம் வாங்கித் தரும் யோசனை நல்ல மனதிலிருந்து வந்ததாக இருந்தாலும் நடக்காது. இமாச்சலின் 1972-ஆம் ஆண்டு குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 118-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்த மாநில விவசாயி அல்லாத யாரும் அரசின் அனுமதி இல்லாமல் அங்கே நிலம் வாங்க முடியாது. கோவைச் சங்கம் எந்தப் பெயரில் போய்க் கேட்டாலும் பத்திரப் பதிவு நடக்காது. பாதிக்கப்பட்ட குடும்பம் விவசாயக் குடும்பமாக இருந்தால் அவர்களே வாங்கலாம். ஆனால் பாதுகாப்பான, மட்டமான நிலம் அங்கே விற்பனைக்கு வருவதே அபூர்வம். அரசு கொடுக்கலாமே என்றால், மாநிலப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சட்டப்படி வனநிலம். 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேறு காரியத்துக்கு எடுக்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். நிலத்தையே இழந்தவர்களுக்காக இந்த விதியைத் தளர்த்துங்கள் என்று 2025-இல் மாநில அரசு கேட்டது. இந்த முடிச்சை அவிழ்ப்பது உங்கள் சங்கத்தால் ஆகாது. நிலம் கிடைத்துவிட்டாலும் 3.5 லட்சத்தில் வீடு வராது. வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவுக்குப் பிறகு கல்பற்றாவில் கேரள அரசு கட்டும் குடியிருப்பில், ஒரு வீட்டுக்கு நன்கொடையாளர் பங்கு 20 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். நிலம் எடுத்தது, வழக்கைச் சந்தித்தது எல்லாம் அரசு.

வீட்டுக்கு அரசுப் பணமும் வருகிறது. 2023 மழையில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, முழுக்க இடிந்த வீட்டுக்கான உதவித் தொகையை இமாச்சல் அரசு 1.30 லட்சத்திலிருந்து 7 லட்சமாக உயர்த்தியது. இந்த முறை மண்டி மக்களுக்கும் அதே 7 லட்சத்தை முதலமைச்சர் சுக்விந்தர் சிங் சுக்கு அறிவித்திருக்கிறார். அரசு போட்ட கணக்கின் மேலேயே உங்கள் பணத்தையும் ஊற்ற வேண்டாம். அரசுப் பட்டியலின் ஓரத்தில் யார் விழுகிறார்கள் என்று பாருங்கள்.

அப்படி விழுகிறவர்கள் யார்? வாடகைக்குக் கடை வைத்திருந்தவர்: கட்டடம் அவருடையதல்ல, போனது சரக்கு, கடன் மட்டும் மிச்சம். ஆப்பிள் தோட்டங்களில் கூலிக்கு இருக்கும் நேபாளத் தொழிலாளிகள்: உள்ளூர் ஆவணம் எதுவும் இருக்காது. வீடு நிற்கிறது, ஆனால் மேலே உள்ள சரிவில் விரிசல் விட்டிருப்பதால் குடியிருக்கப் பயந்து உறவினர் வீட்டில் முடங்கியிருக்கும் குடும்பம். அப்புறம், வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லாத ஆப்பிள் விவசாயி. இவரை யாரும் பாதிக்கப்பட்டவர் என்று எண்ணுவதில்லை. ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை பழம் இறங்கும் காலம். கிளைச் சாலை அறுந்துவிட்டால் பெட்டியில் அடுக்கிய பழம் அங்கேயே அழுகும், ஒரு வருட வருமானம் போச்சு. ஒரு கிராமத்தின் பாதையைச் சரிசெய்ய உள்ளூர் ஆட்களுக்கே நாள் கூலி கொடுத்தால், பணம் கூலிக்காரர் கைக்கும் போகிறது, பழமும் ஜீப் வரை வந்துவிடுகிறது. இப்போது உடனே செலவழிக்க வேண்டும் என்று உங்களுக்குக் கை துறுதுறுத்தால் 50,000 ரூபாயை இதற்கு ஒதுக்குங்கள்.

மீதி 3 லட்சத்தைத் தொடாதீர்கள். செய்தித் தொலைக்காட்சிகள் இரண்டு வாரத்தில் வேறு ஊருக்குப் போய்விடும். சமையல் கூடங்களும் முகாம்களும் அதற்குப் பின்னாலேயே மூடப்படும். அங்கே அக்டோபர் கடைசியிலேயே இரவுக் குளிர் ஏறும், டிசம்பரில் பனி விழத் தொடங்கும். தகரக் கொட்டகையிலோ ஒற்றை வாடகை அறையிலோ இருக்கும் குடும்பத்துக்கு அந்த ஐந்து மாதம் எப்படிப் போகும் என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு தந்தூர் வேண்டும். நம் ஊர் ஓட்டல் தந்தூர் அல்ல, புகைக்குழாயோடு அறையைச் சூடாக்கும் தகர விறகடுப்பை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கனமான ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை), கூரைத் தகடு, மாட்டுக்கு உலர்தீவனம் வேண்டும். மாடு போய்விட்டால் பாலும் போயிற்று, எருவும் போயிற்று. ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்று வைத்தால் 30 குடும்பங்களைக் குளிர்காலம் தாண்ட வைக்கலாம். கொள்முதல் செப்டம்பர் கடைசியில், விநியோகம் அக்டோபருக்குள். அதற்குப் பிறகு போனால் பாதை திரும்பவும் பிரச்சினை.

பொருளா, பணமா? தந்தூர், கூரைத் தகடு மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் தேடுகிற பொருள்களை மண்டியில் மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம். மற்றதற்கு அவரவர் வங்கிக் கணக்குக்கே பணம் போடுங்கள். பணத்தைக் குடித்துவிடுவார்கள் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். வீட்டுப் பெண்ணின் கணக்குக்குப் போடலாம் என்று அவருக்குப் பதில் சொல்லுங்கள். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புவது நல்லது. ஆதார், பாஸ்புக் எல்லாம் சேற்றோடு போன வீடுகள் இருக்கின்றன. நகல் எடுக்கவும் தாலுகா அலுவலகம் போய்வரவும் பஸ் காசு கொடுப்பது கூடப் பெரிய உதவிதான்.

குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் இடறுவார்கள். ஜஞ்சேலியில் உங்களைத் தங்கவைத்தவர், வழிகாட்டியாக வந்தவர் ஆகியோரின் எண்கள் உங்களிடம் இருக்குமே, அங்கே தொடங்குங்கள். ஆனால் ஒருவர் சொல்லும் பட்டியலை அப்படியே எடுக்க வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சேத மதிப்பீட்டை எழுதுபவர் பட்வாரி, நம் ஊர் கிராம நிர்வாக அலுவலர் மாதிரி. பஞ்சாயத்துத் தலைவரை அங்கே பிரதான் என்பார்கள். இவர்களிடம் இருக்கும் பட்டியலை வாங்கி, அந்த ஊர் மகிளா மண்டலிடம் காட்டுங்கள். இமாச்சல் கிராமங்களில் இந்தப் பெண்கள் சங்கங்கள் உயிரோட்டமாக இயங்குகின்றன. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். பட்டியல் முடிவானதும் ஊர்க் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சண்டை வந்தால் உங்கள் பணம் போவதற்கு முன்பே வந்து தீரட்டும். ஒரே பஞ்சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று ஊருக்குப் பிரித்தால் எதையும் சரிபார்க்க முடியாது.

இனி கணக்கு. செயலாளரின் சொந்தக் கணக்கிலிருந்து பணத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் தொகையை வருமான வரித் துறை அவருடைய வருமானமாகவே பார்க்க இடமிருக்கிறது. உங்கள் குடியிருப்போர் சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் தீர்மானம் போட்டு, இதற்கென்று தனிக் கணக்கு திறந்து, இரண்டு பேர் கையெழுத்து என்று வையுங்கள். யாரிடம் எவ்வளவு வாங்கியது, புதுக் கணக்குக்கு எவ்வளவு மாற்றியது என்று பேர்வாரியாக எழுதி சங்கக் கூட்டத்தில் ஒப்படையுங்கள்.

80ஜி ரசீது, அதாவது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெற உதவும் ரசீது, கேட்பவர்கள் இருப்பார்கள். உங்கள் சங்கத்துக்கு அந்தப் பதிவு இல்லையென்றால் தர முடியாது. அப்படிக் கேட்பவர்களை இமாச்சல் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு நேரடியாகப் போடச் சொல்லுங்கள், அதற்கு முழுத் தொகைக்கும் கழிவு உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது, பொருளாகக் கொடுத்ததற்கும் கிடையாது.

அமெரிக்கப் பிள்ளைகள் விஷயத்தில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு இல்லாத உங்கள் சங்கம் ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது. அப்பா கணக்குக்கு அனுப்பிவிட்டு அப்பா பேரில் சங்கத்துக்குப் போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம், அது சட்டத்தைச் சுற்றிப் போகிற வேலை. அந்தச் சட்டத்தில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் எதற்காவது அவர்களே நேரடியாகக் கொடுக்கட்டும். வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் 2020 திருத்தம் தடை போட்டுவிட்டது. ஆகவே மண்டியில் தானே களத்தில் வேலை செய்யும் நிறுவனமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னும் பணம் திரட்ட விரும்பினால் வெள்ளக் காட்சி வீடியோவை மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டாவது முறை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அழுகிற பெண்ணின் படமும் வேண்டாம், அந்தப் பெண்ணுக்கும் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. "இன்னும் 30 குடும்பங்களுக்குத் தந்தூரும் ரஜாயும், ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய், கடைசி நாள் செப்டம்பர் 20" என்று ஒரே வரியில் கேளுங்கள். எத்தனை குடும்பத்துக்குச் சேர்ந்தது என்று வாரம் ஒரு முறை போடுங்கள். ஒரே தடவையில் 2,000 கொடுக்கத் தயங்குபவர்கள் மார்ச் வரை மாதம் 300 தருவார்கள். அந்தத் தொகையைப் படிப்பு நின்றுபோகக்கூடிய பிள்ளைகளின் விடுதிக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். க்யூஆர் குறியீட்டைப் படமாகச் சுற்றவிட்டால் யாராவது தன்னுடையதை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். கணக்கு எண்ணை உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அங்கே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேரில் போக ஆசைப்படுகிறவர்கள் மழை நிற்கும்வரை பொறுக்க வேண்டும். அங்கே மலைச் சாலைகள் மழைக்காலத்தில் அடிக்கடி சரிந்து அடைபடும். நீங்கள் நடுவில் சிக்கினால் உங்களையும் யாராவது மீட்க வேண்டியிருக்கும். அக்டோபரில் இரண்டு பேர் போனால் போதும், அவரவர் சொந்தச் செலவில். ஒருவர் பட்டியலையும் ரசீதையும் பார்க்கட்டும், இன்னொருவர் இந்தி நன்றாகப் பேசுபவராக இருக்கட்டும். பணம் மிஞ்சினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். மாநில நிவாரண நிதிக்குப் போகும் என்று ஒரு வரி இருந்தாலே பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.