வாசகர் கேள்வி: முகாம் யானை, காட்டு யானை

கேள்வி: முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகு, கொள்ளு உருண்டை கொடுப்பதைப் பார்த்தோம். வேளாவேளைக்குத் தீனி, மாயாற்றில் குளியல். காட்டில் அலைவதைவிட இது சுகம்தானே?
- வாசகர், கோத்தகிரி

பதில்: அந்த உருண்டை ஊட்டத்துக்குத்தான், வயிறு அதில் நிறையாது. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். தின்றதில் பாதிகூடச் செரிக்காது. அதனால் காட்டில் 16 மணி நேரம்கூடப் புல், மூங்கில், மரப்பட்டை என்று மேய்ந்துகொண்டே நடக்கும். அந்த நடையில்தான் உள்ளங்காலும் நகமும் அளவாகத் தேய்கின்றன. முதுமலையில் முகாம் யானைகளையும் காட்டுக்குள் மேய விடுவது இதற்காகத்தான்.

மேய்ச்சல் காடு இல்லாத ஊரில், சிமென்ட் தரையில் கட்டிப்போட்ட யானையைப் பார்த்தால் முதலில் காலைப் பாருங்கள். மூத்திர ஈரத்திலேயே நின்று உள்ளங்கால் ஊறி வெடிக்கும். வெடிப்பில் மண் புகுந்து சீழ் வைக்கும். தேயாத நகம் நீண்டு பிளக்கும். சோற்றுக் கவளமே முக்கியத் தீனியானால் உடம்பு பெருக்கும். அந்தப் பாரமும் அதே காலில்தான் இறங்கும். மண் தரை வேண்டும். தினமும் கால் கழுவி, இடுக்கில் சிக்கிய கல்லை எடுத்து, ஈரம் உலர விட வேண்டும். சங்கிலியைக் கால் மாற்றிக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் நீண்ட நடை கட்டாயம்.

நின்ற இடத்திலேயே தலையை ஓயாமல் அசைப்பதைக் காட்டி, ‘யானை ஆடுது பார்’ என்று குழந்தைகளிடம் சொல்கிறோம். அது மன உளைச்சல். தாய், சித்தி, மகள் என்று கூட்டமாகவே வாழும் விலங்கைத் தனியே கட்டிவைத்ததன் விளைவு. தீனியை எவ்வளவு கூட்டினாலும் அது தீராது.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் யானைக்குட்டி தனியாக நின்றால் பசும்பால் கொடுக்கலாமா?
- வாசகி, பந்தலூர்

பதில்: கூடவே கூடாது. யானைப் பாலின் கொழுப்பு வேறு வகை. தேங்காய் எண்ணெய்க்கு நெருக்கமானது. பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் கண்டால், உடம்பில் நீர் வற்றிக் குட்டி செத்தே போகலாம். தும்பிக்கையில் பால் ஊற்றுவது அதைவிட ஆபத்து. குட்டி வாயால்தான் பால் குடிக்கும்; தும்பிக்கை அதற்கு மூக்கு.

தொடாதீர்கள். தாய் பக்கத்துப் புதரிலேயே நிற்கலாம். ஆள் சத்தம் அடங்கினால்தான் வரும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, செல்போனோடு ஓடி வருபவர்களைத் தடுத்து, நாய்களைக் கட்டிப்போடுங்கள். குட்டிக்கும் காட்டுக்கும் நடுவில் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.